பேருந்தை ஜப்தி செய்தால்தான் இழப்பீடு கிடைக்குமா?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும் செய்தி அது: விபத்தில் காயமடைந்தவருக்கு இழப்பீடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி. நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வருகிறார். பயணிகளை இறக்கிவிடுகிறார்கள். முகப்புக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போய் நிற்கிறது. பிறகு போக்குவரத்துக் கழக அதிகாரிகள் வந்து ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்கு அவகாசம் கேட்டுப் பேருந்தை மீட்டுச் செல்கிறார்கள். பக்கத்தைப் புரட்டிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கிறோம்.

அந்தச் சிறு செய்திக்குப் பின்னால், கால் முறிந்தோ கை இழந்தோ பல ஆண்டுகள் வாய்தாவுக்கு நடந்த ஒருவர் இருக்கிறார். தவறு பேருந்து ஓட்டுநருடையது என்று அவர் நிரூபித்துவிட்டார். எவ்வளவு தர வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதன் பிறகும் பணம் வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தாருங்கள் என்று இன்னொரு மனு போட்டு, அதற்கும் காத்திருந்து, கடைசியில் ஒரு பேருந்தைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் அவர் கைக்குப் பணம் வருகிறது. இது ஒரு வழக்கமான நடைமுறையாகவே ஆகிவிட்டதுதான் வேதனை.

காயம்பட்டவர் அலையாமலே இழப்பீடு அவரைத் தேடி வருவதற்கான வழிகளைச் சட்டம் இன்று வகுத்து வைத்திருக்கிறது. அவற்றை முதலில் பின்பற்ற வேண்டியது அரசே நடத்தும் போக்குவரத்துக் கழகங்கள். அவை கடைசியில் வருகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் குறை.

விலக்கும் நிபந்தனையும்

தனியார் பேருந்தோ லாரியோ மோதினால் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆனால், அதே சட்டத்தின் 146-வது பிரிவு, மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில் எதிர்மனுதாரராகப் பெரும்பாலும் போக்குவரத்துக் கழகமே நிற்பதற்கும், கழகத்தின் சொந்தப் பணத்திலிருந்தே இழப்பீடு வர வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. விபத்துகளால் வரும் பொறுப்பைத் தீர்ப்பதற்கென்றே கழகம் தனி நிதி ஒன்றை ஏற்படுத்திப் பராமரித்து வர வேண்டும். காப்பீட்டுக்கு பிரீமியம் கட்ட வேண்டாம், அதற்குப் பதிலாக, பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கப் பணம் எடுத்து வை என்பதுதான் சட்டம் போட்ட ஒப்பந்தம். விலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, தீர்ப்பு வந்த பிறகு கையில் பணம் இல்லை என்று சொல்ல எந்தக் கழகத்துக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு ஜப்தியும் இந்த நிபந்தனை சரியாகக் காக்கப்படவில்லை என்பதற்கான சாட்சி.

இந்தியாவில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் வளர்ந்ததே அரசுப் பேருந்து வழக்குகளால்தான் என்று சொல்லலாம். வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 1994-இல் வலியுறுத்தியது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில். அந்த எண்களை அட்டவணையாக நிலைப்படுத்திய 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பில் எதிர்த்தரப்பு டெல்லி போக்குவரத்துக் கழகம். அந்த விபத்து நடந்தது 1988-இல். இறுதித் தீர்ப்பு வர 21 ஆண்டுகள் ஆயின. விசாரணையைக் காலக்கெடுவுக்குள் முடிக்க வழிகாட்டிய 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் வந்ததுதான். எத்தனையோ குடும்பங்களின் துயரத்திலிருந்து நீதிமன்றங்கள் திரட்டித் தந்த சட்டம் இது.

2022-இல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. உயிரிழந்தோர் 17,884 பேர். இவை எல்லா வாகனங்களுக்குமான கணக்கு என்றாலும், இவ்வளவு விபத்துகள் நடக்கும் மாநிலத்தில் இழப்பீடு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது ஒவ்வொரு வீட்டின் கவலையாக இருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள்

வழக்கின் பலம் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அப்போது காயம்பட்டவர் நினைவு தப்பிக் கிடப்பார். வீட்டார் பணத்துக்கும் ரத்தத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிகிச்சைக்கான பணக் கவலையைக் குறைக்கத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் மருத்துவமனைகள் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்குள் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. சேர்க்கும்போதே இந்தத் திட்டங்களைக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்தது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் அதில் எழுதும் ஒரு வரி பின்னாளில் வழக்கைத் தாங்கும் அல்லது கவிழ்க்கும். ‘தவறி விழுந்தார்’ என்று ஒருவர் அவசரத்தில் சொல்லிவிட்டால், ‘பேருந்து சட்டென்று கிளம்பியதால் விழுந்தேன்’ என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. எந்தப் பேருந்து, எந்த வழித்தடம், வண்டி எண் என்ன, எப்படி நடந்தது என்பதை உடன் சென்றவர் தெளிவாகச் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். பயணச்சீட்டையும், ரத்தக்கறை படிந்த உடையோடு சேர்த்து வீசிவிடாமல் எடுத்து வைக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும் இடத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். நடத்துநரே ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்திருப்பார். ‘டிரைவர் பிள்ளைகுட்டிக்காரர், கேஸ் வேண்டாம்மா, செலவை நாங்க பார்த்துக்கிறோம்’ என்பார்கள். நம் மக்கள் இரங்கும் மனம் படைத்தவர்கள், ஒப்புக்கொண்டுவிடுவார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை வரும்போது அந்தத் தொலைபேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. ஓட்டுநர் பணியில் இருக்கும்போது செய்த தவறுக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு கழகத்தையே சேரும். அந்த ஏழை ஓட்டுநரின் வீட்டுப் பண்டபாத்திரத்தை யாரும் கேட்கப்போவதில்லை. ஓட்டுநர் மேல் இரக்கப்படலாம். அதற்காகத் தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தேடி வர வேண்டிய நீதி

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களும் விதிகளும் காவல்துறைக்குத் தெளிவான கெடுக்களை வைத்திருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை. 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கை. 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை. இந்த விரிவான அறிக்கை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும். தீர்ப்பாயம் அதையே இழப்பீடு கேட்கும் மனுவாக எடுத்துக்கொள்ளலாம். காயம்பட்டவர் கட்டிலில் இருக்கும்போதே அவருடைய வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். விபத்து விவரங்களை இணையத்தில் பதியும் நாடளாவிய ஏற்பாட்டை உருவாக்கியதும் நம் சென்னை ஐ.ஐ.டி.தான்.

காப்பீடு உள்ள வண்டியானால், நிறுவனம் 30 நாட்களுக்குள் தான் தரத் தயாராக இருக்கும் தொகையைத் தீர்ப்பாயத்தில் முன்வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தவறு யாருடையது என்று வாதாடாமலே பெறக்கூடிய இழப்பீடும் உண்டு: உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். ஆனால், இதில் ஓர் எச்சரிக்கை. அந்த வழியில் சமரசமாகத் தொகையைப் பெற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு அத்துடன் முடிந்துவிடும். ஆயுள் முழுக்க நீடிக்கும் ஊனம் உள்ளவர் அவசரத்தில் ரூ.2.5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

காலவரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-இல் நீக்கப்பட்ட கெடு 2022-இல் மறுபடி வந்துவிட்டது: விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். ஆறு மாதத்தில் எலும்பே கூடாதவர்கள் எத்தனை பேர்? இந்த வரம்பை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவிட்டது. அது இடைக்கால நிவாரணம்தான். அதை நம்பி யாரும் ஆறு மாதத்தைத் தாண்ட விட வேண்டாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், காயம்பட்டவர் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். திருச்சி அருகே அடிபட்ட தென்காசிக்காரர் வாய்தாவுக்குத் திருச்சி போக வேண்டியதில்லை.

கட்டிலருகே வரும் தரகர்

அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் சில நாள் தங்கியவர்களுக்குத் தெரியும். காவல்துறைக்கு முன்பே ஒருவர் வந்துவிடுவார். ‘ஒரு பைசா தர வேண்டாம், எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், பணம் வந்ததும் இவ்வளவு பங்கு கொடுத்தால் போதும்’ என்பார். வெற்றுத் தாள்களிலும் வக்காலத்திலும் கையெழுத்து வாங்கிப் போவார். வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, வழக்கறிஞர் யார் என்பதுகூடப் பிறகு தெரியாது.

வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வழக்கறிஞர் தன் உழைப்புக்குக் கட்டணம் வாங்கலாம்; கட்சிக்காரரின் முறிந்த காலுக்குப் பங்குதாரராக முடியாது. நேர்மையாக உழைக்கும் நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் வழி ஏழைகளுக்குத் தெரியாததுதான் தரகர்களின் முதலீடு.

அந்த வழி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரப் பிரிவின் வாசலில் 108 என்று எழுதியிருப்பதுபோல, எலும்பு முறிவுப் பிரிவின் வாசலில் இந்த எண்ணும் எழுதப்பட வேண்டும். ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் தினமும் அந்த வார்டுக்குள் ஒரு சுற்று வந்தாலே தரகர்களின் தொழில் பாதி படுத்துவிடும்.

சதவீதமா, வாழ்க்கையா?

இழப்பீடு குறைந்துபோவது பெரும்பாலும் கணக்கில்தான். மருத்துவக் குழு ‘40 சதவீத ஊனம்’ என்று சான்று தருகிறது. ஒரு சதவீதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று பெருக்கித் தொகை போடும் பழக்கம் நம் தீர்ப்பாயங்களில் நீண்ட நாளாக உண்டு. சதவீதத்துக்கு ரூ.5,000 என்று வைத்தால் ரூ.2,00,000 வரும்.

அந்தக் காயம்பட்டவர் 32 வயதுக் கொத்தனார், மாதம் ரூ.12,000 சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். சாரம் ஏறிச் செய்யும் வேலையை அவரால் இனி முன்போலச் செய்ய முடியாது. 2011-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: உடலுறுப்பின் ஊனம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பறித்தது என்று பார்க்க வேண்டும். பிழைப்பின் இழப்பும் 40 சதவீதம் என்றே எடுத்துக்கொண்டாலும், எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் ரூ.16,800, ஆண்டுக்கு ரூ.2,01,600. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. அதனால் பெருக்கி வரும் தொகையில் 40 சதவீதம் ரூ.12,90,240. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி எல்லாம் இதற்கு மேல். ஒரே மனிதர், ஒரே காயம். கணக்குப் போடும் முறையை வைத்து ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கர்நாடகத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பவருக்கு நடமாட்டம் அவ்வளவு தேவையில்லை என்ற உயர் நீதிமன்றத்தின் கருத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிழைப்பின் இழப்பு 85 சதவீதம் என்று நிர்ணயித்தது. விடியற்காலையில் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கி வருவது யார் என்று யோசித்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் புரியும்.

வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு ‘வருமானம் இல்லை’ என்று எழுதும் காலமும் போய்விட்டது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை 2021-ஆம் ஆண்டின் கீர்த்தி வழக்கு உட்படப் பல தீர்ப்புகள் நிலைநாட்டியிருக்கின்றன. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பும் கணக்கில் வரும். முழு ஊனமடைந்த ஒரு சிறுமிக்கு இரண்டு உதவியாளர்கள் தேவை என்று கொண்டு, அதற்கு மட்டும் ரூ.21,60,000 கொடுத்தது 2020-ஆம் ஆண்டின் காஜல் வழக்கு. வேலைக்குப் போவதை விட்டுவிட்டுக் கணவனைத் தூக்கி உட்கார வைக்கும் மனைவியின் நாட்களை நம் மனுக்களில் பல எழுதுவதே இல்லை. கேட்காததை எந்தத் தீர்ப்பாயம் கொடுக்கும்?

படிக்கட்டுப் பயணம் என்றதும் தவறு பயணியின் மேல் விழுகிறது. தொகையில் ஒரு பங்கு கழிகிறது. படிக்கட்டில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது என்று ஓட்டுநருக்கும் சட்டம் தடை போட்டிருப்பதை வழக்கில் எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு வண்டிகள் மோதி, உள்ளே இருந்த பயணி காயப்பட்டால், எந்த வண்டியின் தவறு எத்தனை பங்கு என்ற சண்டை அவருக்கு வேண்டியதில்லை. இருவரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கிவிட்டது.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்த 30 நாட்களுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. மேல்முறையீடு செய்வதா என்று கோப்பு நகரும். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், தமிழகத்தில் பொதுவாக ஆண்டுக்கு 7.5 சதவீதம். பிறகு நிறைவேற்று மனு, பிறகு அமீனா. தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் வட்டி கட்டுவது மக்களின் வரிப்பணம். ஜப்தியான பேருந்து நின்ற நாட்களின் வசூலும் போகிறது. இறங்கி நிற்பது பயணிகள். இதில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை.

போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்ற பதிலை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. கட்டணத்தை உயர்த்தாமல், லாபமில்லாத கிராமத்துக்கும் வண்டி விட்டு, 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களை இலவசமாக ஏற்றிச் செல்லும் சேவை அது. தமிழகத்துக்கு அது பெருமை. அந்தச் சேவையின் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். காயம்பட்டவரின் இழப்பீட்டை நிறுத்தி வைத்து அதை ஈடுகட்டக் கூடாது. எல்லோரும் ஏறும் பேருந்துக்கு, அடிபட்ட ஒருவரைத் தனியாக மானியம் கொடுக்க வைப்பது எந்த நியாயத்திலும் சேராது.

லோக் அதாலத்தில் சமரசம் பேசுவது நல்ல வழி. ஆண்டுக்கணக்கான காத்திருப்பை அது ஒரு நாளில் முடிக்கும். அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு இல்லை என்பதால், கொத்தனார் தன் கணக்கு பன்னிரண்டு லட்சமா இரண்டு லட்சமா என்று தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். கழகமும் பேரம் பேசுவதற்காக வராமல், தான் கணக்கிட்ட நியாயமான தொகையோடு வர வேண்டும். சமரசத் தொகையையும் குறித்த நாளில் கட்ட வேண்டும்.

பணம் கட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. தீர்ப்பாயங்களில் உரியவர்கள் வந்து கேட்காமல் பெருந்தொகை முடங்கிக் கிடப்பது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, 2025-இல் அதற்கும் வழிகாட்டுதல்கள் தரப்பட்டன. இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும்படியும் அதே ஆண்டு நீதிமன்றம் சொன்னது. முதல் நாளிலேயே வங்கிக் கணக்கு எண்ணை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், இடையில் நிற்கும் கைகள் குறையும்.

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. சட்டம் நிபந்தனையாக வைத்த விபத்து நிதியை ஒவ்வொரு கழகமும் நிலுவைத் தீர்ப்புகளைத் தீர்க்கும் அளவுக்கு நிரப்பி வைக்க வேண்டும்; அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களைப் போலவே 30 நாட்களுக்குள் தன் தொகையைத் தீர்ப்பாயத்தில் முன்வைக்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கழகத்திலும் வேண்டும். மேல்முறையீடு செய்யாத தீர்ப்புகளின் தொகை 30 நாட்களில் வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும்; தாமதத்தால் கூடிய வட்டிக்கு, கோப்பை நிறுத்தி வைத்தவர் விளக்கம் சொல்ல வேண்டும். எத்தனை தீர்ப்புகள், எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு நிலுவை என்பதைக் கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முதலமைச்சர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை போதும். அரசு எல்லா மக்களையும் ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டது இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அந்தப் பேருந்தால் ஒருவருக்குக் கால் போனால், அவருக்குச் சேர வேண்டியதை நீதிமன்ற அமீனா வந்து கேட்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் அதே அரசின் கடமை.